பியகமவுக்கு அனுப்பும் முன் படங்கில் பார்க்க வேண்டியவை

உணவுப்பொருள் முளைக்காமலும் வண்டும் கிருமியும் பெருகாமலும் இருக்க அதன்மேல் காமாக் கதிரைப் பாய்ச்சுவதுதான் கதிரூட்டல். அதற்கான நிலையம் பியகமவில் இருக்கிறது. எந்தப் பொருளை அங்கே அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று பார்ப்போம். சின்ன வெங்காயத்தில் இருந்தே தொடங்கலாம். களுதாவளை, தேத்தாத்தீவு மணல் தோட்டங்களிலும் வாகரைப் பக்கமும் அதைப் பெரும்பாலும் குமிழ் வைத்துத்தான் நடுகிறார்கள். போன போகத்து வெங்காயத்தில் நல்லதைப் பொறுக்கிப் பிடி கட்டித் தொங்கவிட்டு, அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமாக எடுப்பது வழக்கம். மாரி வெள்ளத்தில் வைத்திருந்தது அழுகிப்போனால் சந்தையில் கிடைத்ததை வாங்கி நடுவதும் நடக்கிறது. இப்படி வாங்கியது கதிரூட்டிய வெங்காயமாக இருந்தால் அந்தப் பாத்தி மொட்டையாகவே கிடக்கும். வெங்காயம் முளைக்காமல் இருக்கக் கொடுக்கும் கதிர் அளவு 0.03 முதல் 0.15 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரைதான். ஆனால் குமிழின் நடுவில் உள்ள குருத்துக் கலங்கள் பிரிவதை நிறுத்த அதுவே போதும். வெளியே பார்த்தால் கல்லுப்போல நல்ல வெங்காயம். நெடுக்காக வெட்டினால், சில கிழமை வைத்திருந்த குமிழில் நடுக்குருத்து மண்ணிறமாகியிருக்கும். விதைக்கு வாங்கும்போது எந்த மூடையானாலும் 20 குமிழை ஈர மணலில் பத்து நாள் புதைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை நடுங்கள். புதிதாகக் கிண்டிய குமிழ் உறக்கத்தில் இருக்கும், கதிர் படாவிட்டாலும் முளைக்காது. ஆகவே உறக்கம் தீர்ந்த குமிழில்தான் இந்தச் சோதனை செல்லும்.

கதிரூட்டல் என்றதும் எழும் சத்தம் எல்லாம் புற்றுநோய், அணுகுண்டு என்றே போகிறது. தோட்டக்காரனுக்கு உண்மையில் கை கடிக்கும் இடங்கள் வேறு. விதை வெங்காயம் அதில் ஒன்று.

பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு நகர்கிறோம். நிலையத்தில் கதிர் மூலமாக வைக்கும் கோபால்ட்-60 விடும் காமாக் கதிரின் சக்தி 1.17, 1.33 மெகாஇலத்திரன்வோல்ட். உணவில் உள்ள அணுவைக் கதிர்த்தொழிற்பாடு உள்ளதாக மாற்ற இது காணாது. கதிரூட்டிய மிளகாய்த்தூள் கதிர் வீசாது. 10 கிலோகிரே என்பது பெரிய அளவாகக் கேட்கும், ஆனால் அவ்வளவும் சூடாக மாறினாலும் ஒரு கிலோ தண்ணீர் இரண்டரைப் பாகை கூடச் சூடேறாது. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகவரமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 10 கிலோகிரே வரை நச்சியல் ஆபத்து இல்லை என்று 1980 இல் முடிவு சொன்னது. சர்வதேச உணவு நியமக் குழுவான கோடெக்ஸின் பொது நியமம் 1983 இல் வந்து, 2003 இல் திருத்தப்பட்டது. மறுபக்கத்தில் அடிக்கடி காட்டப்படுவது 1975 இல் ஹைதராபாத்தில் போசாக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் புதிதாகக் கதிரூட்டிய கோதுமை கொடுத்த ஆய்வு. அவர்களின் இரத்தக் கலங்களில் மாற்றம் கண்டதாக அது சொன்னது. இந்திய அரசின் நிபுணர் குழு பின்னர் அந்த ஆய்வை ஏற்கவில்லை. அவுஸ்திரேலியாவில் மிக உயர்ந்த அளவில் கதிரூட்டிய உணவைத் தின்ற பூனைகளுக்குக் கால் இழுத்துப்போனது உண்மை. 2009 இல் பூனை உணவைக் கதிரூட்டுவதை அங்கே தடை செய்தார்கள். அந்தப் பூனை உணவுக்குக் கொடுத்த கதிர் அளவு, வெங்காயத்துக்குக் கொடுப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. தயமின் போன்ற விற்றமின்கள் ஓரளவு குறைவதும், கொழுப்புள்ள பொருளில் சிக்கு வாடை வருவதும் மெய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்த்தால், சாப்பிடுகிறவனின் உடம்பைப் பற்றிய வாதத்தில் எதிர்ப்பக்கம் பலவீனமாக இருக்கிறது என்பதே எங்கள் அபிப்பிராயம். ஆனால் அதே எதிர்ப்பாளர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி பலமானது: அழுக்காகக் காயவைத்த சரக்கைக் கதிரால் கழுவி விற்கிறார்களா? கோடெக்ஸ் நியமமே இதை ஒத்துக்கொள்கிறது. நல்ல உற்பத்தி முறைக்கும் சுகாதாரத்துக்கும் பதிலாகக் கதிரூட்டலைப் பாவிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

இலங்கையில் இதற்கென உள்ள பொது நிலையம் பியகமவில் அணுசக்திச் சபை நடத்தும் காமா நிலையம். 2014 இல் திறக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2005 இல் கதிரூட்டலுக்கான ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. மட்டக்களப்பில் இருந்து பார்த்தால் அது ஏறக்குறைய 300 கிலோமீற்றர் லொறி ஓட்டம். இந்தத் தூரம் எந்தப் பொருளுக்குக் கட்டும், எதற்குக் கட்டாது என்பதுதான் கணக்கு.

கட்டாத பொருளில் முதலாவது நெல். அரிசியில் வரும் வண்டு, நெல் அந்து எல்லாவற்றையும் 0.5 கிலோகிரே அளவில் மலடாக்கலாம். மலடாக்குவது என்றால் உடனே சாவதில்லை. கதிரூட்டிய மூடையில் வண்டு இரண்டு மூன்று கிழமை உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும், முட்டையிட்டாலும் பொரிக்காது. இது தெரியாத கொள்வனவாளர் உயிர் வண்டைக் கண்டதும் லொறியைத் திருப்பிவிடுவார். அளவைக் கூட்டி 1 கிலோகிரேயைத் தாண்டினால் அரிசியின் மாப்பொருள் உடைந்து சோறு குழைகிறது. இதையெல்லாம் விட, கதிருக்கு மிச்சப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. இன்று கதிரூட்டிய மூடையை நாளை வண்டு உள்ள களஞ்சியத்தில் அடுக்கினால் நாளைக்கே வண்டு ஏறும். விதை நெல்லை ஒருபோதும் அனுப்பக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, வெங்காயத்தின் கதைதான்.

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளிலும் படுவான்கரையிலும் நெல்லைக் கெடுப்பது வண்டுக்கு முன்னால் ஈரம். பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில் வருகிறது. நெல் வெட்டும் மெசினில் இருந்து இறங்கும் நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை எடுப்பது 14 வீதத்தில். ஈரமானி இல்லாத இடத்தில் உப்புச் சோதனை போதும்: காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லும், அடுப்பில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டியும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கால் மணித்தியாலம் வைக்கவும். போத்தல் சுவரில் உப்பு ஒட்டினால் 15 வீதத்துக்கு மேல் ஈரம். ஒட்டாமல் உதிர்ந்தால் கட்டலாம். காய்ந்த நெல்லைக் காற்றுப்புகா உட்பையில் போட்டு வாயை முறுக்கி மடித்துக் கட்டினால், உள்ளே உள்ள ஒட்சிசனை வண்டுகளே மூச்சுவிட்டுத் தீர்த்துச் செத்துப்போகின்றன. இரண்டு கிழமை திறக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வழக்கமாகப் பிழைக்கும் இடம் எலி. பையில் ஒரு ஓட்டை விழுந்தால் வேலை முடிந்தது. அதனால் பையை உரப்பைக்குள் இறக்கி, நிலத்தில் இருந்து ஒரு முழம் உயர்த்திய பலகையில் அடுக்கவும். வண்டைக் கொல்லும் அலுமினியம் பொஸ்பைட் குளிசையை வீட்டு அறையில் உள்ள மூடைக்குப் போடுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. 3 கிராம் குளிசை ஒன்று 1 கிராம் பொஸ்பீன் வாயு விடும். ஆள் படுக்கும் கூரையின் கீழ் அது கொலைக்குச் சமம்.

பயறு, கவ்பிக்கு இன்னும் மலிவான வழி வெயில். கறுப்புப் பொலித்தீனை வைக்கோலின் மேல் விரித்து, பயறை விரல் தடிப்புக்குக் குறைவாகப் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற பொலித்தீனால் மூடி ஓரத்தை மண்ணால் அமுக்கவும். சித்திரை, வைகாசி வெயிலில் உச்சிநேரத்தில் உள்ளே 57 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் நின்றால் வண்டும் அதன் முட்டையும் விதைக்குள் இருக்கும் புழுவும் சாகும். அடியில் வைக்கோல் இல்லாவிட்டால் சூட்டை நிலம் இழுத்துக்கொள்ளும், வண்டு தப்பிவிடும். ஆறிய பிறகே மூடி உள்ள பாத்திரத்தில் போடவும். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இனிக் கச்சான். இங்கேதான் கதிரூட்டலைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. "பூஞ்சணம் பிடித்தால் என்ன, கதிரில் காட்டினால் சரி" என்பது தவறு. கதிர் பூஞ்சணத்தைக் கொல்லும். பூஞ்சணம் ஏற்கெனவே விட்டுப்போன அப்லரொக்சின் என்ற நஞ்சை உணவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகளில் அழிக்காது. பீடைகொல்லி எச்சத்தையும் அப்படித்தான் விட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகச் சாப்பிடும் கச்சானுக்கு மொத்த அப்லரொக்சின் எல்லை கிலோவுக்கு 4 மைக்கிரோகிராம். ஒரு மூடையில் சில பருப்பில் மட்டும் நஞ்சு இருந்தாலே அந்த எல்லை உடைந்துபோகும். ஆனால் சில பருப்பில் மட்டும் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: அதைக் கையால் பொறுக்கி எறியலாம்.

கச்சானில் நஞ்சு ஏறுவது மூன்று இடங்களில். காய் முற்றும் கடைசி மாதத்தில் தண்ணீர் இல்லாமல் வாடும்போது, பிடுங்கிக் குவித்து வைக்கும்போது, அரைகுறைக் காய்ச்சலில் மூடை கட்டும்போது. முதலாவதற்கு ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், மானாவாரியில் அது மழையின் கையில். மற்ற இரண்டும் எங்கள் கையில். பிடுங்கியதும் செடியைக் கவிழ்த்து, காய் மேலே வெயிலைப் பார்க்க, வரிசையாக இரண்டு மூன்று நாள் விடவும். குவியல் போட்டால் ஒரே இரவில் உள்ளே சூடேறும். பிறகு காயைப் பிரித்துப் படங்கில் நாலு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி, நாளுக்கு நாலைந்து தரம் கிளறவும். பின்னேரம் பனிக்கு முன் கூட்டி மூடிவிடவும். காயைக் காதோரம் குலுக்கினால் பருப்பு கலகலக்கவேண்டும். பருப்பை உள்ளங்கையில் தேய்த்தால் தோல் உரியவேண்டும். பருப்பின் ஈரம் 7, 8 வீதத்துக்கு வந்தால்தான் அந்த நிலை. மண்வெட்டி பட்டது, கறையான் துளைத்தது, சூம்பியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்குங்கள். ஒதுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. அப்லரொக்சின் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு இறங்கும். தை மாதத்தில் பிடுங்கும் கச்சானுக்கு மழை விடாது. உயர்த்திய கம்பி வலைத் தட்டும் மேலே பொலித்தீன் கூரையும் இல்லாமல் அந்தப் போகக் கச்சானை மூடை கட்ட நினைக்கக் கூடாது. அவிச்சு விற்றுவிடுவது புத்தி.

கட்டும் பொருளுக்கு வருவோம். கொச்சிக்காய்த்தூள், மஞ்சள்தூள், கறித்தூள் போன்றவை பாரம் குறைவு, விலை கூட. வெளிநாட்டுக் கொள்வனவாளர் கிருமி எண்ணிக்கை கேட்பதும் இதற்குத்தான். மண்ணிலும் தார் வீதியிலும் காயவைத்த செத்தல் கொச்சிக்காயில் ஒரு கிராமுக்குப் பத்து இலட்சம் கிருமி இருப்பது ஆச்சரியமில்லை. 6 முதல் 10 கிலோகிரேயில் அது ஆயிரங்களுக்குக் கீழே இறங்கும், வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லாக் கிருமி நிற்காது. எதிலீன் ஒட்சைட்டு வாயுவால் சுத்திகரித்த வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. 2020 இல் இந்திய எள்ளில் அந்த வாயுவின் எச்சம் பிடிபட்டு ஐரோப்பா முழுவதும் பொருட்களைத் திருப்பி எடுத்தார்கள். ஆகவே மிஞ்சுவது நீராவியும் கதிரும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. கதிரூட்டிய உணவை ஐரோப்பிய ஒன்றியம் தான் அங்கீகரித்த நிலையங்களில் இருந்து மட்டுமே எடுக்கும். இயற்கை விவசாயச் சான்றிதழ் உள்ள சரக்கு என்றால் கதிரூட்டவே கூடாது. பணம் கட்டும் முன் கொள்வனவாளரிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தூளை அனுப்ப முடிவானால் வரிசை இப்படி இருக்கவேண்டும். கொச்சிக்காயைப் பழுத்த அன்றே அவித்தோ அவிக்காமலோ உயர்த்திய தட்டில் காயவைத்து, காம்பு மடக்கென்று ஒடிய, விதை கலகலக்க, 10 வீத ஈரத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஈரம் கூடிய தூள் கதிருக்குப் பிறகும் கட்டிபடும். அரைத்த அன்றே ஆறவைத்து, கடைக்குப் போகும் கடைசிப் பொதியிலேயே அடைத்து ஒட்டவேண்டும். பெரிய பையில் கதிரூட்டிக் கொண்டுவந்து வீட்டில் சின்னப் பொதியாக்கினால் கையில் இருந்த கிருமி திரும்ப ஏறும், கட்டிய காசு வீண். பொதியின் தாளைக் கவனிக்க வேண்டும். கசங்கினால் சரசரக்கும் தெளிவான பை பெரும்பாலும் பொலிப்புறொப்பிலீன். கதிர் பட்டால் நாள் போகப்போக அது நொறுங்கும். பீவீசீ வாடை விடும். பொலிஎதிலீன் உள்ளடுக்குள்ள பலபடைத் தாள் தாங்கும். தூளைத் துளைத்து ஏறும் சிகரெட் வண்டு மெல்லிய பொலித்தீனை ஓட்டையாக்கக் கூடியது, அதற்கும் தடித்த தாள்தான் பதில்.

அட்டைப்பெட்டி எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறை. இது அழகுக்கல்ல. காமாக் கதிர் பெட்டியின் வெளிப்பக்கத்தில் கூடவும் நடுவில் குறைவாகவும் விழும். நடுவுக்கு 6 கிடைக்கும்போது ஓரத்துக்கு 9 போயிருக்கலாம். ஒரு பெட்டி நெருக்கமாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் விரியும். நடுவில் கிருமி தப்பும், ஓரத்தில் நிறமும் மணமும் குறையும். நிலையத்திடம் "கதிரூட்டினோம்" என்ற கடிதத்தை வாங்கித் திரும்பாதீர்கள். ஆகக் குறைந்த அளவு, ஆகக் கூடிய அளவு, தொகுதி இலக்கம், திகதி நான்கும் உள்ள சான்றிதழ் வேண்டும். அனுப்பும் முன் ஒரு மாதிரி, வந்த பின் ஒரு மாதிரி, இரண்டையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். அனுப்பும் முன் எடுத்த மாதிரியிலேயே அப்லரொக்சின் பார்த்துவிட வேண்டும், எல்லையைத் தாண்டியிருந்தால் லொறிக் கூலியாவது மிஞ்சும். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து அரைக்கும் குழுவுக்கு ஒரு கிழமைச் சரக்கு ஒரு லொறி நிரம்பாது. நாலைந்து குழு சேர்ந்து ஒரே ஈரம், ஒரே பொதி, ஒரே பெட்டி என்று ஒத்துக்கொண்டால்தான் பயணம் கட்டும். அந்த ஒத்துக்கொள்ளலைப் போல கஷ்டமானது இதில் வேறொன்றும் இல்லை.

கருவாடு இடைநடுவில் நிற்கிறது. கருவாட்டு வண்டை 0.5 கிலோகிரே மலடாக்கும், 1 கிலோகிரேக்கு மேல் தேவையில்லை. ஆனால் உப்பும் காய்ச்சலும் குறைந்த கருவாட்டில் புழு ஏறுவது காயப்போட்ட முதல் இரண்டு நாளில், இலையானால். அந்த நேரத்துக்கு நுளம்பு வலைக் கூடாரம்தான் மருந்து. சூடை, சாளை மாதிரி நெய்யுள்ள மீனுக்குக் கதிர் வேண்டாம், சிக்கு வாடை ஏறும்.

வெங்காயத்துக்குத் திரும்புவோம், விவாதம் சூடாவது அங்கேதான். கிழக்கிலேயே ஒரு நிலையம் வைத்தால் எங்கள் வெங்காயத்தை மாதக்கணக்கில் வைத்து விற்கலாமே என்ற யோசனை கேட்க நல்லது. கோபால்ட்-60 இன் அரைவாழ்வுக் காலம் 5.27 வருடம். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்குப் பன்னிரண்டு வீதம் கரைந்துகொண்டே போகும். போகத்துக்கு இரண்டு மாதம் மட்டும் வரும் வெங்காயத்தை நம்பி அதை வைத்திருக்க முடியாது. இந்தியாவில் மகாராஷ்டிராவின் லாசல்கான் கதிரூட்டும் நிலையம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைப்பதைத் தடுக்கக் கட்டப்பட்டது. 2007 இல் இருந்து அது பேர்பெற்றது அமெரிக்காவுக்குப் போகும் மாம்பழத்தை 0.4 கிலோகிரேயில் கதிரூட்டியே. மருத்துவக் கையுறைக்கும் ஊசிக்கும் 25 கிலோகிரே கொடுக்கும் நிலையத்தில் வெங்காயத்துக்கு 0.06 கொடுப்பது இன்னொரு சிக்கல், நானூறு மடங்கு வித்தியாசம். பலமான மூலத்துக்கு முன்னால் பெட்டி போய் வரும் நேரத்திலேயே தேவைக்கு மேல் வாங்கிவிடலாம். குறைந்த அளவை ஒழுங்காகக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கொடுத்தாலும் காலக்கெடு உண்டு. கிண்டி இரண்டு மூன்று கிழமைக்குள், குமிழ் உறக்கத்தில் இருக்கும்போது கொடுக்கவேண்டும். உள்ளே குருத்து நகரத் தொடங்கிய பிறகு அளவைக் கூட்டியும் பிரயோசனம் குறைவு. கழுத்துக் காயாத, காயம்பட்ட வெங்காயத்தின் அழுகலைக் கதிர் நிறுத்தாது. கிண்ட இரண்டு கிழமைக்கு முன் தண்ணீரை நிறுத்துவது, கடைசி மாதத்தில் யூரியா போடாமல் விடுவது, பிடி கட்டி நிழலில் ஏழெட்டு நாள் காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் கழுத்தை மூடவைப்பது என்ற மூன்றையும் செய்தால் சேதத்தில் பெரும்பகுதி கதிர் இல்லாமலே தப்பும்.

இறக்குமதி வெங்காயத்தில்தான் உள்ளூர் தோட்டக்காரனின் வயிற்றெரிச்சல் நியாயமாகிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து 2024 மே வரை வைத்திருந்தபோது, நாங்கள் எவ்வளவு தூரம் அந்தக் கப்பலை நம்பியிருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. முளைக்கும் வெங்காயத்தைப் புறக்கோட்டை மொத்த வியாபாரி நீண்டநாள் பிடித்து வைக்க முடியாது, கிழமைகளுக்குள் விட்டாக வேண்டும். கதிரூட்டி முளைக்காமல் செய்த வெங்காயத்தைப் பிடித்துவைத்து, உள்ளூர் அறுவடை சந்தைக்கு வரும் நாளில் இறக்கலாம். இந்திய வெங்காயத்தில் கதிரூட்டப்படுவது இன்று சிறு பங்குதான் என்றாலும் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். இதைத் தடுக்கக் கதிரைப் பழிப்பதால் பயனில்லை. இறக்குமதி வரியின் நேரமும் அளவும் அறுவடைக் கலண்டரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கமநல சேவை நிலையக் கூட்டத்தில் விவசாய அமைப்புகள் எழுத்தில் கேட்கவேண்டும், போகம் தொடங்க முன்.

இன்னொன்றையும் கேட்கலாம். கதிரூட்டிய உணவின் பொதியில் அந்த விபரம் இருக்கவேண்டும். உடைந்த கோடுள்ள பச்சை வட்டத்துக்குள் செடி வரைந்த ரடூரா என்ற சர்வதேச அடையாளமும் கூடவே இருக்கலாம். கட்டுமூடையில் இருக்கும் அடையாளம், கடையில் தட்டில் கொட்டிக் கிலோக்கணக்கில் நிறுக்கும்போது காணாமல் போகிறது. தட்டின் மேலும் அந்த அட்டை நிற்கவேண்டும் என்பதே கோடெக்ஸ் முறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க உரிமை இருக்கிறது. விதை வெங்காயம் தேடி வந்தவன் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவான்.